பெரட்டில் பேர் கொடுத்தவரும் பட்டையைப் பார்த்து வெட்டியவரும்

மாவட்ட அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார். வேலையில் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது, பகுதி நேரமாக முதுகலையும் படிக்கிறார். பணியிடப் பண்பாடும் கடப்பாடும் (வேலையோடு ஒருவருக்கு உள்ள பிணைப்பும்) பொதுச் சேவை ஊழியரின் செயல்திறனை எப்படித் தீர்மானிக்கின்றன என்பது அவருடைய ஆய்வுத் தலைப்பு. "படிக்கிற கட்டுரை எல்லாத்திலயும் மூணு பெட்டி, ரெண்டு அம்புக்குறி. பண்பாடு நல்லா இருந்தா கடப்பாடு வரும், கடப்பாடு வந்தா செயல்திறன் வரும். ஆனா எங்க ஆபீஸ்ல பத்து வருஷமா மாற்றல் வேண்டாம்னு ஒரே நாற்காலியில இருக்கிறவர்தான் இருக்கிறதிலேயே மெதுவா வேலை செய்றார். புத்தகம் தப்பா, எங்க ஆபீஸ் தப்பா?" இதுதான் கேள்வி.

புத்தகம் தப்பில்லை அம்மா, உங்கள் ஆபீஸும் தப்பில்லை. கடப்பாடு என்று எழுதி ஒட்டிய அந்த நடுப் பெட்டியில்தான் கோளாறு. அதற்குள் மூன்று வேறு வேறு சரக்கு கிடக்கிறது. ஒன்று வேலையைத் தூக்கிவிடும், ஒன்று ஓரளவுக்கு உதவும், ஒன்று ஆளை நாற்காலியில் உட்கார வைப்பதோடு சரி. ஓர் அலுவலகத்தில் எந்தச் சரக்கு விளையும் என்பது அங்குள்ள பண்பாட்டைப் பொறுத்தது. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நான் 1985-இல் கிராணியாகச் சேர்ந்து 2022-இல் ஓய்வு பெற்றவன். மலேசியாவில் பேராக்கிலும் சிலாங்கூரிலுமாகப் பல அலுவலகங்களைப் பார்த்தாயிற்று. இப்போது சுங்கை சிப்புட்டில் காலையில் ஒட்டுக்கடையில் தே தாரேக், மாலையில் கோயில் கணக்கு என்று பொழுது போகிறது. அப்பா இந்த ஊர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். பண்பாடு, செயல்திறன் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தத் தோட்டத்தின் பால் ஸ்டோர்தான்.

விடியுமுன் பெரட்டு. கிராணி செக்ரோல் புத்தகத்தை விரித்துப் பேர் கூப்பிடுவார், வந்தவருக்கு அன்றைய பேர் விழும். இது முதல் கணக்கு. அப்புறம் இருட்டோடு இருட்டாக மரம் வெட்டப் போவார்கள். விடியற்காலையில்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறுவதற்குள் பாலைச் சேகரித்து, காண்டா கம்பில் இரண்டு வாளியைத் தொங்கவிட்டு ஸ்டோருக்கு வருவார்கள். அங்கே நிறுவை. இது இரண்டாவது கணக்கு. நிறுவை மட்டும் என்றால் வாளியில் ஆற்றுத் தண்ணீரைச் சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அதனால் கிராணி மெட்ரோலக் என்ற கண்ணாடி மிதவையைப் பாலில் விட்டு, உள்ளே உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்ப்பார். தண்ணீர் சேர்த்தவர் முகம் அப்போது போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக ஒரு கணக்கு உண்டு, அது அன்றைக்குத் தெரியாது. பட்டையை மெலிதாகச் சீவ வேண்டும். அவசரத்தில் கத்தியை ஆழமாக இறக்கினால் உள்ளே இருக்கும் பச்சைத் தோல் காயப்படும். அன்றைக்குப் பால் கூடக் கூடுதலாக வரலாம். ஆனால் அந்தக் காயம் ஆறும்போது மரம் முண்டும் முடிச்சுமாகிவிடும். சில வருடம் கழித்துப் புதுப் பட்டையில் வெட்ட வருபவன் கத்தி அங்கே ஓடாது. நல்ல கங்காணி மரம் மரமாகப் போய்ப் பட்டையைத் தடவிப் பார்ப்பார். எங்கப்பாவின் நிறுவை எப்போதும் நடுத்தரம்தான். அவர் வெட்டிய மரங்களின் பட்டை மட்டும் மழமழவென்று இருக்கும்.

அரசாங்க அலுவலகத்துக்கும் இந்த மூன்று கணக்கும் அப்படியே பொருந்தும்.

1981-இல் டாக்டர் மகாதீர் பிரதமரானதும் அரசாங்க ஊழியர்களுக்கு பஞ்ச் கார்டும் நெஞ்சில் பெயர்ப் பட்டையும் வந்தன. அடுத்த வருடம் 'தூய்மை, திறமை, நம்பகம்' என்ற இயக்கம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒழுங்காக வருபவருக்கு மஞ்சள் அட்டை. தாமதம் சேரச் சேர அது பச்சையாகும், அதற்கும் திருந்தாவிட்டால் சிவப்பு. இப்போது கைரேகை, கைபேசி என்று வந்துவிட்டது. ஆனாலும் இது பெரட்டுதான், முதல் கணக்கு. பெரட்டைக் கேலி செய்யவில்லை. ஆள் வராமல் வேலை நடக்காது. எட்டு மணிக்கு முன்னால் அட்டையைத் தட்டிவிட்டு நேராக நாசி லெமாக் சாப்பிடக் கிளம்பும் படையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் படையில் ஒருவருக்குக்கூட அட்டை சிவப்பாகாது.

1993-இல் வாடிக்கையாளர் சாசனம் வந்தது. மலாயில் பியாகாம் பெலாங்கான். எந்த வேலையை எத்தனை நிமிடத்தில், எத்தனை நாளில் முடித்துத் தருவோம் என்று ஒவ்வொரு அலுவலகமும் சுவரில் எழுதி மாட்ட வேண்டும். நல்ல யோசனை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அது வருவதற்கு முன் மக்களுக்குக் கேட்பதற்கு ஒரு பிடிமானமே இல்லை. ஆனால் நான் இருந்த ஓர் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எண்ணை அழைத்ததிலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் கவுன்ட்டர் வேலை முடிய வேண்டும் என்பது அங்கே சாசனம். மாத அறிக்கையில் எங்களுக்கு எப்போதும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது. எப்படி? சிக்கலான ஆள் என்று தெரிந்தால் எண்ணை அழுத்த மாட்டோம். முதலில் சும்மா கூப்பிட்டுத் தாள்களை வாங்கிப் பார்த்து, எல்லாவற்றையும் சரிபார்த்து, கணினியில் ஏற்றி முடித்த பிறகுதான் எண்ணை அழுத்துவோம். பெல் அடித்த நான்காவது நிமிடம் ரசீது கையில். அந்த அம்மா ஒன்றேகால் மணி நேரமாக உட்கார்ந்திருந்தது எந்தக் கணக்கிலும் வராது. வாளியில் தண்ணீர் ஊற்றிய கதைதான். எங்களிடம் மெட்ரோலக் இல்லை, அவ்வளவே.

எட்கார் ஷைன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1985-இல் பண்பாட்டை மூன்று அடுக்காகப் பிரித்தார். உங்கள் ஆய்வில் அவர் பெயர் கட்டாயம் வரும். மேலே கண்ணுக்குத் தெரிவது: சீருடை, சுவரொட்டி, காலைக் கூட்டம். அதன் கீழே நாம் வாயால் சொல்லிக்கொள்ளும் கொள்கை. அடியிலே யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்த அனுமானம். சாசனம் முதல் இரண்டு அடுக்கு. 'பெல்லைக் கடைசியில் அழுத்து' என்பது மூன்றாவது. புதிதாக வந்தவர்களுக்கு நாங்கள் அதை எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்தால் தானாக வந்துவிடும்.

சரி, கடப்பாட்டுக்கு வருவோம். ஜான் மேயர், நடாலி ஆலன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1991-இல் சொன்ன மூன்று வகைதான் இன்றுவரை எல்லாரும் கையாள்வது. நான் அவற்றை என் பாஷையில் பற்று, கட்டு, கடன் என்று சொல்லிக்கொள்வேன். வேலையும் இடமும் பிடித்து, இது என் ஆபீஸ் என்று இருப்பது பற்று. விட்டுப் போனால் நஷ்டம் என்பதால் இருப்பது கட்டு. நம்மை வளர்த்த இடம், விட்டுவிட்டுப் போவது முறையாகாது என்று இருப்பது கடன்.

மூவரும் பெரட்டுக்கு வருவார்கள். மூவரும் மாற்றல் கேட்க மாட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மூவருக்கும் ஒரே முகம்.

வித்தியாசம் வேலையில் தெரியும். மேயரும் மற்றவர்களும் 1989-இல் ஓர் உணவுச் சேவை நிறுவனத்தின் அடிநிலை மேலாளர்களை ஆராய்ந்தார்கள். பற்றுள்ளவர்களுக்கு மேலதிகாரிகள் நல்ல மதிப்பெண் கொடுத்திருந்தார்கள். கட்டுக்காக இருந்தவர்களுக்கு, கட்டு இறுக இறுக மதிப்பெண் இறங்கியது. அதன் பிறகு வந்த ஏராளமான ஆய்வுகளைத் திரட்டி 2002-இல் ஒரு தொகுப்பாய்வு செய்தார்கள். அதிலும் அதே கதை. பற்றுக்கும் செயல்திறனுக்கும் தொடர்பு 0.16 அளவில் நின்றது (முழுத் தொடர்பு என்றால் 1). கட்டுக்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை, கொஞ்சம் எதிர்ப்பக்கம்கூட. 0.16 என்பது பெரிய எண் இல்லை, அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். ஆனால் அதே தொகுப்பில், யாரும் சொல்லாமல் தானாக எடுத்துச் செய்யும் உதவிகளோடு பற்றுக்கு உள்ள தொடர்பு அதைப்போல இரண்டு மடங்கு. எழுதி வைத்த வேலையில் தெரிவதைவிட எழுதாத வேலையில்தான் பற்று அதிகமாகத் தெரிகிறது. அதாவது பட்டையில்.

நம் நாட்டுப் பொதுச் சேவையில் கட்டு ரொம்பப் பலமானது. எங்கள் தலைமுறையில் தோட்டத்து வீடுகளில் 'கவர்மெண்டு வேலை' என்றாலே பென்ஷன்தான். லயத்திலிருந்து வெளியேற அது ஒரு கதவு. தோட்டம் விற்றாலும் செம்பனைக்கு மாறினாலும் வீட்டைக் காலி பண்ணச் சொல்ல மாட்டார்கள் என்ற தைரியம். அப்புறம் 4 விழுக்காட்டு வீட்டுக் கடன், குடும்பத்துக்கே மருத்துவச் சலுகை. பதினைந்து வருடம் ஆகிவிட்டால், வெளியே இரண்டு மடங்கு சம்பளம் கொடுத்தாலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடுவோம். நானே ஒருமுறை, 1996 வாக்கில், அப்படிக் கணக்குப் போட்டு உட்கார்ந்தவன். அடுத்த மூன்று நான்கு வருடம் நான் செய்த வேலையை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. விடுப்பு எடுத்ததில்லை, தாமதமாகப் போனதில்லை, ஒரு கோப்பையும் தேவைக்கு மேல் ஒரு நிமிடம் பார்த்ததில்லை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. 2016 டிசம்பர் முதல் அரசாங்க மருத்துவமனைகளுக்கு இளம் மருத்துவர்களை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். நிரந்தரம் கிடைக்குமா என்று தெரியாத அந்தப் பிள்ளைகள்தான் கோவிட் காலத்தில் பாதுகாப்பு உடையோடு நாள் கணக்கில் நின்றார்கள். கட்டு இல்லை, பற்று இருந்தது. 2021 ஜூலை 26-ஆம் தேதி கறுப்பு உடையில் வேலையிடத்தை விட்டு வெளியே வந்து ஹர்த்தால் செய்தவர்களும் அவர்களே. கட்டு இல்லாத பற்றை ரொம்ப நாள் சும்மா வைத்திருக்க முடியாது, அது போய்விடும். 2024-இன் தொடக்கத்தில், இனிப் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பழைய பென்ஷன் முறை இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. கட்டு தளர்ந்தால் வேலை கெட்டுவிடும் என்று என் கூட்டாளிகள் ஒட்டுக்கடையில் புலம்புகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டு தளரும்போது, ஆளை நிறுத்தி வைக்க மேலதிகாரிகள் முதன்முறையாக வேறு ஏதாவது யோசித்தாக வேண்டும்.

சம்பளம்? 2024 டிசம்பரிலிருந்து புதிய ஊதிய முறை. மேல்மட்ட நிர்வாகம் தவிர்த்த மற்றவர்களுக்கு இரண்டு கட்டமாக 15 விழுக்காடு, இரண்டாவது கட்டம் 2026 ஜனவரியில். வேண்டியதுதான், கீழ்மட்டத்தில் பகுதி நேரமாக கிராப் ஓட்டிப் பிழைத்தவர்களை எனக்குத் தெரியும். முந்தின இரவு பன்னிரண்டு மணி வரை கார் ஓட்டியவன் காலையில் கவுன்ட்டரில் சிரிக்க மாட்டான். சம்பளம் அந்தச் சோர்வைக் குறைக்கும். பட்டையைப் பார்த்து வெட்டக் கற்றுக் கொடுக்காது.

அதைக் கற்றுக் கொடுப்பது எது? என் முப்பத்தேழு வருடத்தில் நான் கண்ட பதில் ஒன்றுதான். ஒருவன் தப்புச் செய்யும்போது அந்த ஆபீஸ் என்ன செய்கிறது?

ஒரே ஆபீஸ், ஒரே ஆட்கள், அடுத்தடுத்து தலைமைக்கு வந்த இரண்டு பெரியவர்கள். எந்த ஊர், எந்த இலாகா என்று சொல்ல மாட்டேன். எங்கள் வேலையில் பெயர் எழுத்து ரொம்ப முக்கியம். நம் பெயர்களைப் பற்றித்தான் தெரியுமே. அப்பாவின் அடையாள அட்டையில் முனியாண்டி கடைசியில் 'ஒய்' போட்டு முடிந்திருக்கும், பிள்ளையின் பத்திரத்தில் 'ஐ' போட்டு முடிந்திருக்கும். அந்த ஓர் எழுத்துக்காகப் பள்ளி, வங்கி, ஊழியர் சேமநிதி என்று குடும்பமே அலையும்.

முதல் பெரியவர் காலத்தில் தப்பைக் கண்டுபிடித்தால் காலைக் கூட்டத்தில் எழுப்பி நிற்க வைப்பார். விளக்கக் கடிதம் கேட்பார், அது கோப்பில் ஏறும். அதனால் என்ன செய்தோம்? எங்கள் கை தட்டச்சில் தவறியிருந்தாலும், கவுன்ட்டருக்கு வந்தவரிடம் "உங்கள் பத்திரங்கள் ஒத்துப்போகவில்லை, சத்தியப் பிரமாண கமிஷனரிடம் போய் சூராட் சும்பா, சத்தியப் பத்திரம், எடுத்து வாருங்கள்" என்று அனுப்பிவிடுவோம். நம் தப்புக்கு அந்த ஆள் சத்தியம் செய்து, காசு கொடுத்து, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் திரும்ப வருவார். தோட்டத்தில் ஒரு நாள் கூலி என்றால் என்ன என்று தெரிந்த நானே அனுப்பியிருக்கிறேன்.

இரண்டாமவர் ஒரு மலாய்க்கார அம்மா. கொஞ்சம் கறார், குரலும் பெரிசு. வந்த இரண்டாவது வாரம் கூட்டத்தில், தான் அனுப்பிய ஒரு கடிதத்தில் தானே செய்த பிழையைக் காட்டி, "இதை யாராவது பார்த்தீர்களா? பார்த்தும் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதன் பிறகு தப்பைத் தானாகக் கொண்டுவந்தவரிடம் அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "ஆளைத் திரும்ப வரவைக்காமல் இன்றைக்கே சரிசெய்ய என்ன வழி?" ஒரு வருடம் பிடித்தது. எங்களில் மூத்த கிராணி ஒரு காக், மலாய்க்கார அக்கா, இருந்தார், யாருக்கும் அசையாதவர். ஒருநாள் அவரே எழுந்து போய், "புவான், இந்த அப்பாவுக்கு எழுத்தை மாற்றிப் போட்டது நான்தான்" என்று சொன்னார். அந்தக் காலையை மறக்க மாட்டேன். மத்தியானத்துக்குள் அந்த அப்பா சரியான பத்திரத்தோடு பஸ் ஏறிவிட்டார். தாள்களை வைத்திருந்த பிளாஸ்டிக் பையை மட்டும் மறந்துவிட்டுப் போனார். காக் பஸ் நிற்கும் இடம் வரை ஓடிப் போய்க் கொடுத்தார்.

அந்த வருடம் எங்கள் ஆபீஸில் பதிவான தப்புகளின் எண்ணிக்கை ஏறியது, குறையவில்லை. மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1996-இல் மருத்துவமனை வார்டுகளில் கண்டதும் இதேதான்: நல்ல சூழல் உள்ள குழுக்களில்தான் அதிகத் தப்புகள் பதிவாகியிருந்தன. அவர்கள் கூடுதலாகத் தப்புச் செய்யவில்லை, மறைக்காமல் சொன்னார்கள். இந்த நுணுக்கம் தெரியாமல் எண்ணை மட்டும் பார்க்கும் மேலிடம் நல்ல பெரியவர்களைத்தான் முதலில் தண்டிக்கும். அந்த அம்மா மாற்றலாகிப் போன எட்டு மாதத்தில் பாதி பழையபடியே ஆனது. பாதி நின்றது, காக் இருந்தவரை.

பண்பாடு தலைவரோடு வருகிறது, மூத்த கிராணியோடு தங்குகிறது. தலைவர் இரண்டு மூன்று வருடத்தில் போய்விடுவார். பெரும்பாலான கட்டுரைகள் தலைமைத்துவத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதிவிட்டு இதைக் கண்டுகொள்வதே இல்லை.

நம் நாட்டில் இது இன்னும் கடினம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஹோஃப்ஸ்டெட் என்ற டச்சுக்காரர் 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் திரட்டிய பதில்களை வைத்து நாடுகளைத் தரம் பிரித்தார். மேலதிகாரிக்கும் கீழ் உள்ளவருக்கும் இடையே எவ்வளவு தூரம் இருந்தால் இயல்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அதில் ஓர் அளவு. நூறுக்குள் அடங்கும் என்று போட்ட அளவுகோலில் மலேசியாவுக்கு 104, பட்டியலிலேயே முதலிடம். பழைய கணக்கு, ஒரு கம்பெனிக் கணக்கு, எல்லாம் சரி. ஆனால் 'ஆராஹான் டாரி அத்தாஸ்', மேலிருந்து உத்தரவு, என்று கேட்டதும் எத்தனை வாய் மூடும் என்பது உள்ளே இருந்த நமக்குத் தெரியும். துரை வரும்போது சைக்கிளை விட்டு இறங்கி நின்ற பரம்பரை நாம். நம் பங்குக்கு நாமும் அந்த 104-இல் கொஞ்சம் சேர்த்திருப்போம்.

ஆண்டு மதிப்பீட்டைப் பற்றி நீளமாக எழுத எனக்குப் பொறுமை இல்லை. முதல் மதிப்பீட்டாளர், இரண்டாம் மதிப்பீட்டாளர், இருவரின் சராசரி, அதற்கு மேல் சிறந்த சேவை விருது. காகிதத்தில் குறையில்லை. நடப்பில் அந்த விருது பல இடங்களில் 'கிலிரான்', முறை வைத்து வாங்குவது: "போன வருஷம் எனக்கு, இந்த வருஷம் உனக்கு." மனவருத்தம் வராமல் இருக்க ஏற்பட்ட வழி, நல்ல எண்ணம்தான். ஆனால் விழுந்து விழுந்து வேலை செய்தவரும் விழாதவரும் ஒரே வரிசையில் நிற்கும்போது, விழுந்தவர் இரண்டாவது வருடம் கொஞ்சம் நிமிர்ந்துகொள்வார். பற்று கட்டாக மாறுவது இப்படித்தான், சத்தமே இல்லாமல்.

பற்று திரும்ப வருவதையும் பார்த்திருக்கிறேன். 2011-இல் மைடஃப்தார் என்று ஓர் இயக்கம் நடந்தது. பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாமல் தோட்டங்களிலும் கம்பங்களிலும் (கிராமங்களிலும்) கிடந்த நம் மக்களின் ஆவணச் சிக்கல்களைப் பதிய வைப்பது அதன் நோக்கம். அந்தச் சமயத்தில் உதவிக்குப் போனபோது கண்டது ஒன்று. கவுன்ட்டரில் முகம் பார்க்காமல் தாளை வாங்கும் ஓர் இளைஞன், ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பாயில் உட்கார்ந்து, அறுபது வயதுப் பாட்டியிடம் அரை மணி நேரம் கேள்வி கேட்டான். பிறந்த வருடம் அவருக்குத் தெரியவில்லை. "ஜப்பான்காரன் போயி, அப்புறம் காட்டுல சண்டை நடந்தப்ப" என்றார். அவன் ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டான். இந்தப் பக்கத்து எல்ஃபில் தோட்டத்தில் சுட்டு அவசரகாலம் ஆரம்பித்தது 1948, அது முடிந்தது 1960, பாட்டிக்குத் தம்பி பிறந்தது எப்போது என்று துருவித் துருவி ஒரு வருடத்துக்குக் கொண்டு வந்தான். அந்த வேலைக்கு எந்தப் படிவத்திலும் மதிப்பெண் கிடையாது.

ஆடம் கிராண்ட் என்ற ஆய்வாளர் 2007-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதை எண்ணில் காட்டுகிறது. பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் நிதி திரட்டும் ஊழியர்களை, அந்த நிதியால் உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரோடு வெறும் ஐந்து நிமிடம் பேச வைத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரமும் திரட்டிய பணமும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தன. பேசாதவர்களிடம் அப்படி மாற்றம் இல்லை. தன் வேலை எங்கே போய்ச் சேர்கிறது என்பதைக் கண்ணால் பார்ப்பது அவ்வளவு செய்யும். நம் கோப்புகள் நகருக்குப் போய் நகரிலிருந்தே திரும்புகின்றன. முகத்தைப் பார்க்க வாய்ப்பே இல்லை.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்ல வேண்டும், நீங்களும் மாட்டியிருப்பீர்கள். ஆபீஸில் ஒரே தமிழராக இருந்தால், ஊரே உங்கள் கவுன்ட்டருக்கு வரும். "தம்பி, நம்ம ஆளு, கொஞ்சம் பார்த்துவிடுப்பா." உதவத் தோன்றும், உதவவும் வேண்டும், மலாய் சரியாக வராத பாட்டிக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது பாவமில்லை. ஆனால் எண் எடுக்காமல் உள்ளே விட்டால் வெளியே உட்கார்ந்திருக்கும் இன்னொரு பாட்டியின் நேரத்தைத் திருடுகிறோம். ஊர் மேல் உள்ள பற்று ஆபீஸ் மேல் உள்ள பற்றை எப்போது வளர்க்கிறது, எப்போது தின்கிறது என்பதை யாரும் சரியாக ஆராய்ந்து நான் படித்ததில்லை. உங்களுக்குத் தெம்பு இருந்தால் இதையே ஆய்வாக எடுங்கள். நான் வைத்திருந்த வழி இது: படிவம் நிரப்புவது மதிய உணவு நேரத்தில், கேன்டீன் மேசையில். கவுன்ட்டரில் எல்லாருக்கும் எண். இரண்டு மாமாக்கள் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

கடைசியாக உங்கள் ஆய்வு. இருநூறு பேருக்குக் கேள்வித்தாள் கொடுப்பீர்கள், ஒன்று முதல் ஐந்து வரை. பண்பாடு எப்படி, கடப்பாடு எப்படி, உங்கள் செயல்திறன் எப்படி என்று மூன்றையும் ஒரே ஆளிடம் ஒரே மூச்சில் கேட்டால், நல்ல மனநிலையில் இருப்பவர் மூன்றுக்கும் நான்கு போடுவார், எரிச்சலில் இருப்பவர் மூன்றுக்கும் மூன்று போடுவார். கணினி அதை எடுத்து அழகாக அம்புக்குறி வரைந்துவிடும். நானே அப்படிப் பல தாள்களில் மேலிருந்து கீழாக நான்கு போட்டுக் கையெழுத்திட்டவன். அதனால் தாளைப் பெரியவர் கையால் கொடுக்க வைக்காதீர்கள். கடப்பாட்டைக் கேட்கும்போது மூன்று வகையையும் தனித்தனியாகக் கேளுங்கள், கூட்டி ஒரே எண் ஆக்காதீர்கள். செயல்திறனை மட்டும் அவரிடம் கேட்காமல் வேறு எங்காவது எடுங்கள்: திருத்தத்துக்காகத் திரும்பி வந்த கோப்புகள், ஒரே வேலைக்கு ஒரே ஆள் எத்தனை தடவை படியேறினார் என்பது போல.

அப்படி எடுக்கும்போது, உங்கள் ஆபீஸில் பத்து வருடமாக மெதுவாக வேலை செய்யும் அந்த மனிதரின் கோப்புகளிலிருந்து தொடங்குங்கள். அவர் கட்டிப் போட்ட ஆளாகவும் இருக்கலாம். ஆனால் அவர் கை பட்ட கோப்புகளில் எத்தனை திரும்பி வந்திருக்கின்றன என்று ஒரு வருடத்துக்கு எண்ணிப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். எங்கப்பாவுக்கும் நிறுவை நடுத்தரம்தான் என்று மேலே சொன்னேனே, அந்த ஞாபகத்தில் கேட்கிறேன்.